மணிக்கூண்டும் நாலு நிமிஷமும்

விமான நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர் அவர். ஆறடிக்கு மேல் உயரம், வட்ட முகம், அந்த முகத்தில் சிரிப்பு என்று ஒன்று ஏறி யாரும் பார்த்ததில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் பூரித்துப்போனார் என்பதுதான் வேடிக்கை. கிண்டலைப் பட்டமாக எடுத்துக்கொள்கிற ஆட்களிடம் கொஞ்சம் எட்டியே நிற்பது நல்லது.

எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் நடுவில் ஆகாய வழியாக எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்வார். டிக்கெட்டில் போட்டிருக்கிற மணியைக் கழித்துப் பார்த்துத்தான் நாமெல்லாம் ஏமாந்துபோவோம். கிளம்புகிற ஊரில் ஒரு மணி, இறங்குகிற ஊரில் வேறு மணி என்பதை மறந்துவிடுவோம். அவர் மறக்க மாட்டார். அடுத்தவர் மறந்தால் விடவும் மாட்டார். "ஒன்பது மணி நேரமா? யார் சொன்னா? ஆறு அம்பது. நடுவுல இருக்கற நேர வித்தியாசத்தை உங்க தாத்தாவா வந்து கழிப்பாரு?" என்று கவுன்ட்டரில் வைத்தே மானத்தை வாங்குவார்.

ஆனால் அவருக்குப் பிடித்தமான விளையாட்டு வேறு. விமானம் கிளம்ப நாற்பத்தைந்து நிமிஷம் இருக்கும்போது கவுன்ட்டரை மூட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஐந்து பத்து நிமிஷம் முன்னே பின்னே பார்த்து, மூச்சு வாங்க ஓடி வருகிறவர்களை உள்ளே தள்ளிவிடுவார்கள். இவர் மாட்டார். தாமதமாக வந்தவர் கெஞ்சி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, "கவுன்ட்டர் மூடியாச்சு" என்பார். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. "ஆயிரத்து நூத்தி நாப்பது கிலோமீட்டர். ஒண்ணே முக்கால் மணி நேரத்துல போய் எறங்கியிருப்பீங்க. சரி, அடுத்தது நாளைக்குத்தான்" என்று வெந்த புண்ணில் வேலையும் பாய்ச்சி அனுப்புவார்.

இந்த மனிதருக்கும் ஒரு பெண் கிடைத்தாள். பேசி முடிக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பெண்ணோடு தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்களாம். "உங்க வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். அவள் "பத்து நிமிஷம் இருக்கும்" என்றிருக்கிறாள். "எட்டு. நான் பாத்துட்டுதான் வந்தேன்" என்றாராம். அவள் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு வாழ்நாள் முழுக்க விலை கொடுத்தாள், பாவம்.

ஒரே பையன். கூடத்துச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்றை ஒட்டி, ஊருக்கு ஒரு குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி சிவப்பு நூல் கட்டியிருந்தார் மணிக்கூண்டு. மற்ற வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். இங்கே தூரம் ஒப்பிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் படத்துக்கு எதிரே நின்றபடி இருபது தடவை திரும்பச் சொல்ல வேண்டும். விளையாடப் போனால் ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். ஆறு ஒன்றுக்கு வந்தால் கதவு தாழ் போட்டிருக்கும். ஏழு மணி வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். மழை பெய்த நாளிலும் நின்றிருக்கிறான். அம்மாக்காரி ஜன்னல் வழியாகத் துண்டு கொடுத்ததற்கு அவளுக்கும் திட்டு விழுந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று ஆக்கிய நாள் ஒன்று வந்தது. பையனுக்கு அப்போது ஏழு வயது.

மனைவியின் அப்பா விழுந்துவிட்டார், பேச்சு குழறுகிறது, மகளைக் கேட்கிறார் என்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்குத் தகவல் வந்தது. அந்த ஊர் எழுநூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். பறந்தால் ஒரு மணி பத்து நிமிஷம். நாளுக்கு ஒரே விமானம், மாலையில். போட்டது போட்டபடி பையனை இழுத்துக்கொண்டு, ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு ஓடினாள். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தபோது விமானம் கிளம்ப நாற்பத்தொரு நிமிஷம் இருந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன்.

விமானத்தில் ஆறு இருக்கை காலி. அது அவருக்குத் தெரியும், அவர்தான் எண்ணிக் கையெழுத்துப் போட்டவர். பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர், "சார், உங்க வீட்டம்மா சார்" என்று காதோடு சொன்னார். பின்னால் வேறு விமானத்துக்கு நின்ற வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. அந்த வரிசைதான் அவருக்குப் போதை.

"கவுன்ட்டர் மூடியாச்சு" என்றார்.

"நாலு நிமிஷம்தாங்க. அப்பா கேக்கறாராம். கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்தது நாளைக்குச் சாயங்காலம்."

அவள் துணிப்பையைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டாள். பையன்தான் அப்பாவின் முகத்தையும் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். இருவரும் பஸ்ஸில் போனார்கள், பதினாலு மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். மகள் எங்கே என்று ராத்திரி பதினோரு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தாராம் மனுஷன்.

இந்தக் கதை நிர்வாகத்தின் காதுக்குப் போனது. சொந்த மனைவிக்கே சலுகை காட்டாத ஊழியர் என்று மெச்சி ஒரு கடிதம் கொடுத்தார்கள். மணிக்கூண்டு அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் உலகப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வாரத்துக்கு ஒருமுறை அதன் தூசியைத் துடைத்தது யார் என்று கேட்கிறீர்களா? அவள்தான். இருபத்தேழு வருஷமாகத் துடைக்கிறாள். ஒருமுறைகூட அவள் கை தவறி அது கீழே விழவில்லை. அப்போதே அவர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

பையன் படித்தான், வெளிநாட்டுக்குப் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், பெண் குழந்தை பிறந்தது. ஐயாயிரத்து நானூற்று அறுபது கிலோமீட்டர். ஒன்பது வருஷமாக வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வருஷா வருஷம் மாமனார் ஊருக்கு மட்டும் வேறு வழியாகப் பறந்து போய்வந்தான். போன் பண்ணினால் அம்மாவின் நம்பருக்குத்தான். அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டான். அவரும் பேச்சோடு பேச்சாக அவள் தோளுக்கு மேலே எட்டி, திரையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் மனைவிக்குப் பாடம் எடுத்தார். "தூரம் மாறாது. காத்துதான் நேரத்தை மாத்தும். இங்கேர்ந்து அவன் ஊருக்குப் போக ஏழு மணி இருபத்தஞ்சு நிமிஷம். அங்கேர்ந்து இங்கே வர ஆறு நாப்பதுதான். காத்து பின்னாலேர்ந்து தள்ளும்."

"அப்போ போறதுதான் கஷ்டம், வர்றது சுலபம்."

"ஆமா."

"அப்புறம் ஏங்க அவன் வர மாட்டேங்கறான்?"

மணிக்கூண்டுக்கு முதல் தடவையாகக் கணக்கு உதைத்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் மூடுவதற்குக் கவுன்ட்டர் இல்லை. அந்தக் குழந்தையை ஒருமுறை கையில் தூக்க வேண்டும் என்கிற ஆசை, நாலு வருஷமாக அவருக்குள் பல்வலி போல விட்டுவிட்டு வலித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நிலையத்தில் இன்னும் வேலையில் இருந்த பழைய சிநேகிதர் போன் பண்ணினார். "உங்க பையன், மருமகள், பேத்தி மூணு பேர் பேரும் வியாழக்கிழமை லிஸ்ட்டுல இருக்கு. அவங்க எப்பவும் போற வழியில ஏதோ ரத்தாம். நம்ம ஊர் வழியா மாத்திவிட்டிருக்காங்க. காலைல ஒன்பது நாப்பதுக்கு எறங்கறாங்க, மத்தியானம் மூணு அம்பதுக்கு அடுத்த ஃப்ளைட்."

ஆறு மணி பத்து நிமிஷம். மணிக்கூண்டு போனை வைப்பதற்குள் முடிவு கட்டிவிட்டார், அவர்கள் வெளியே வர முடியாது. ஏனென்றால் கடைசி எட்டு வருஷம் இடைவழிப் பயணிகள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் யாரையும் ஊருக்குள் விடக் கூடாது என்பது அவர் போட்ட விதி. காகிதத்தில் அப்படி ஒன்று இருந்ததா என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். அவர்கள் வெளியே வர முடியாது, அதனால் தான் உள்ளே போக வேண்டும். சிநேகிதரின் காலைப் பிடிக்காத குறையாக ஒரு அனுமதிச் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

வாழ்க்கையில் அவர் அடுத்தவரிடம் கேட்டு வாங்கிய முதல் சலுகை அது. வாங்கியது ஒரு ஆளுக்கு மட்டும்.

வியாழக்கிழமை காலையில் மனைவி சீக்கிரமே எழுந்து குளித்து, இருப்பதில் நல்ல உடுப்பாக எடுத்து உடுத்தியிருந்தாள். அடுப்பில் இரண்டு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "நீ எதுக்குக் கிளம்பி நிக்கற? பாஸ் ஒண்ணுதான். உன் முட்டியை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது" என்றார்.

"நான் வரல. ஒருவேளை அவங்க வெளியே வந்தா?"

"வர முடியாது. ஆறு மணி பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவள் அடுப்பைத் தணித்தாள். அவர் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்து மறுபடியும் கேட்டாள். "இல்லங்க, ஒருவேளை வெளியே விட்டுட்டா? இங்கே வந்து நின்னா?"

"உனக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதா? விட மாட்டாங்க. அந்த ரூலைப் போட்டதே நான்."

"சரிங்க, போய்ட்டு வாங்க" என்றாள். ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன கடமை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

குழந்தைக்கென்று ஒரு சின்ன உலக உருண்டை வாங்கி வைத்திருந்தார். அதில் அவர்கள் ஊரிலிருந்து இந்த ஊருக்குக் கறுப்பு மையில் கோடு இழுத்து, மேலே 5460 என்று எழுதியிருந்தார். வீட்டிலிருந்து நிலையம் இருபத்திரண்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிஷம். எட்டரைக்கே போய்விட்டார். அனுமதிச் சீட்டில் உள்ளே போகிறவர்கள் போனைக் காவல் அறையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தார். அதுவும் அவர் காலத்து விதிதான்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. இடைவழிப் பயணிகள் வந்து சேரும் மேசைக்கு எதிரே, நாற்காலியில் உட்காராமல் உருண்டையைப் பிடித்தபடி நின்றார். பத்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குழந்தையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்து இருபதுக்கு வரிசை கரைந்துவிட்டது. குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று பத்து நிமிஷம் கொடுத்தார். தள்ளுவண்டி வந்து சேரவில்லை போலும் என்று கால் மணி கொடுத்தார். பசிக்கிறது என்றிருக்கும், ஏதாவது வாங்கித் தருவார்கள் என்று இன்னொரு அரை மணி. ஆயுளில் யாருக்கும் நாலு நிமிஷம் தராதவர், வாரி வாரிக் கொடுத்தார்.

மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரிடம்தானே எல்லாரும் கேட்பார்கள், அவர் போய் யாரிடம் கேட்பது? பதினொன்றரைக்குக் கூடம் முழுக்க ஒரு சுற்று சுற்றினார். சாய்வு நாற்காலிகளில் தூங்குகிறவர்களின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு அம்மாள் திருடன் என்று நினைத்துக் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். பன்னிரண்டு இருபதுக்குத்தான் வேறு வழியில்லாமல் மேசைக்குப் போய், மகன் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெண் கணினியைத் தட்டினாள். "அவங்க வெளியே போயிட்டாங்களே சார். பத்து இருபதுக்கே."

"வெளியே எப்படிப் போவாங்க? எட்டு மணி நேரம் இல்லையே."

"எட்டா? இப்பல்லாம் நாலு மணி நேரம் இருந்தாலே விட்டுடறோம் சார். முன்னாடி யாரோ ஒருத்தர் அப்படி ஒரு ரூல் வச்சிருந்தாராம். புத்தகத்துல தேடினா அப்படி எதுவுமே இல்லையாம். மூணு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம் சார், அந்த ஆளால எத்தனை பேர் வீட்டுக்குப் போகாம இங்கேயே உக்காந்திருந்தாங்களோ" என்றாள்.

மணிக்கூண்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடினார். அறுபத்துநாலு வயது ஆள், கையில் உருண்டையோடு, வழுக்குகிற தரையில். வெளியே போக அனுமதிச் சீட்டில் ஒரு கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் வருவார் என்றான் காவலாளி.

"நான் இங்கே முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்தவன்ப்பா. கொஞ்சம் விட்டுடு."

"இருக்கட்டும் சார். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

போனை வாங்கி வீட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்ஸிக்காரரை விரட்டினார். அவர் கண்ணாடியில் பார்த்து, "சிக்னலை என்னங்க பண்ணச் சொல்றீங்க, தாண்டியா பறக்க முடியும்?" என்றார். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் பெட்ரோல் பங்க் வளைவில், எதிரே வந்த ஒரு வெள்ளைக் கார் வழி கேட்டு ஹாரன் அடித்தது. மணிக்கூண்டு அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று முப்பதுக்கு வீட்டு வாசலில் இறங்கினார். கதவு திறந்தே இருந்தது. மேசையில் நாலு தட்டு, நாலு தம்ளர். ஒரு தட்டு மட்டும் சின்னது, அதன் ஓரத்தில் கடித்துப் போட்ட பிஸ்கட். தரை முழுக்க ஈரமான சின்னக் கால் தடம். சுவரில் உலகப் படம் மொட்டையாக இருந்தது. ஒரு ஊசி இல்லை, ஒரு நூல் இல்லை. ஊசிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் வைத்திருந்தது.

மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அப்படி நிறைந்திருந்து அவர் பார்த்ததே இல்லை.

"எங்கே?"

"வந்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தாங்க. குழந்தை நல்லா வாய். இந்தச் செவப்பு நூல் வேணும்னு ஒரே அழுகை. அவன்தான் ஒவ்வொரு ஊசியா புடுங்கி, நூலைப் பந்தா சுத்திக் கையில குடுத்தான். எடுத்துட்டுப் போயிட்டா."

"எப்போ போனாங்க?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒண்ணு இருபத்தாறுக்கு."

அவருக்குக் கணக்குத் தெரியும். அதுதான் அவர் சாபமே. பெட்ரோல் பங்க், வளைவு, ஹாரன் அடித்த வெள்ளைக் கார், எல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றன. திரும்பி ஓடலாமா? டாக்ஸி போய்விட்டது. இன்னொன்று வர பத்து நிமிஷம், போக நாற்பத்தைந்து. போர்டிங் அட்டை கையில் இருக்கிறவர்கள், பத்து நிமிஷம் முன்னாலேயே உள்ளே போயிருப்பார்கள். அனுமதிச் சீட்டு ஒருமுறைக்குத்தான். அவர் போன் பண்ணினால் மகன் எடுக்க மாட்டான். எந்தப் பக்கம் கூட்டினாலும் கழித்தாலும் வாசல் மூடியே இருந்தது.

"அவன் வெளியே வருவான்னு உனக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமா தெரியும். டிக்கெட் மாத்தின அன்னைக்கே சொல்லிட்டான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா எங்கிட்ட?"

"காலைல ரெண்டு தடவை கேட்டேனே. வர முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் உருண்டையை மேசையில் வைத்தார். அது நிற்காமல் உருண்டு, சின்னத் தட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"நாலு நிமிஷம்தானே. குழந்தையை ஒரு தடவை பாத்திருப்பேன். கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இல்லை.

"நானும் அன்னைக்கு உங்ககிட்ட இதைத்தாங்க கேட்டேன்" என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.